பேஸ் நாப்பே இல்லாத டியூப் ஆம்பில் பேஸைக் குறைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: பழைய காலத்து மாதிரியில் செய்த டியூப் கிட்டார் ஆம்ப், பேஸ் அளவுக்கு மீறி வருகிறது, உள்ளே எதை மாற்றினால் குறையும்?

இதற்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி "பேஸ் நாப்பைக் குறை" என்கிறது, மீதி "அதுதான் விண்டேஜ் சவுண்ட், கை வைக்காதே" என்கிறது. இரண்டையும் நான் வருஷக்கணக்கில் கேட்டுச் சலித்தவன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் இருப்பது ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் வகை, அதாவது 5இ3 சுற்றை வைத்துச் செய்ததாக இருக்கும் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். இந்தப் புகாரோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் அதுதான் இருக்கிறது. அதில் இரண்டு வால்யூம், ஒரே ஒரு டோன். அந்த டோன் மேல் ஸ்வரங்களைத்தான் கூட்டும் குறைக்கும், பேஸைத் தொடாது. பேஸ் நாப்பைக் குறைக்கச் சொல்பவர் அந்த ஆம்பின் முகப்பைக்கூடப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

என்னுடையதும் அதே சுற்றுதான். வீட்டில் வால்யூம் மூன்றில் தனியாக வாசிக்கும்போது சொர்க்கம். பேண்டோடு ஒத்திகைக்குப் போய் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க ஆறு ஏழுக்கு ஏற்றியதும் கீழ்க் கம்பிகள் பொதபொதவென்று ஊதிக்கொள்ளும். பவர் கார்டு (கீழ்க் கம்பிகள் இரண்டு மூன்றைச் சேர்த்து அடிப்பது) அடித்தால் கார்டு கேட்காது, ஒரு உறுமல் வந்து நடுவில் மூச்சு அடைத்து அரை நொடி கழித்துத் திரும்பி வரும். எங்கள் பேஸ் வாசிப்பவர் "நீங்க வாசிக்கிறதும் பேஸ்தானே, அப்புறம் நான் எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் விஷயம் உண்மை. இருவரும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தோம்.

ஏன் இப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் கெப்பாசிட்டர் (அளவு சிறுக்கச் சிறுக்கக் கீழ் ஒலியைத் தடுக்கும் பாகம்) மாற்றுகிறவர்கள்தான் கடைசியில் பெட்டியில் தேன்கூடு மாதிரி வயர் தொங்கவிட்டு, ஒலியும் கெட்டுப்போய் நிற்கிறார்கள். இந்த ஆம்ப் 1955 வாக்கில் வந்த வடிவமைப்பு. கிப்சன் நிறுவனம் ஹம்பக்கரை, அதாவது கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்பில் இரண்டு சுருள் வைத்த வகையை, கிட்டாரில் போட்டு வெளியிட்டது 1957-ல். அதாவது நாம் இன்று மாட்டுகிற தடித்த பிக்கப், அதுவும் கழுத்துப் பக்க ஹம்பக்கர், இந்தச் சுற்றை வரைந்தபோது சந்தையிலேயே இல்லை. அந்தக் காலத்தில் இதை முழு வால்யூமில் உறும விட்டு வாசிப்பார்கள் என்றும் யாரும் கணக்குப் போடவில்லை. கெப்பாசிட்டர்களைத் தாராளமாகப் போட்டுவிட்டார்கள், கிட்டாரின் கீழ் 'இ' கம்பி 82 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்க, சுற்று அதற்கு வெகு கீழே வரை எல்லாவற்றையும் உள்ளே விடுகிறது. சுத்தமான ஒலியில் அது அழகு. டியூப் தாங்காமல் ஒலி கிழியத் (டிஸ்டார்ட் ஆகத்) தொடங்கியதும் அதே பேஸ்தான் முதலில் முட்டி, மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு மிதிக்கும்.

ஆகவே என் கட்சி ஒன்றே ஒன்று: பேஸைக் குறைப்பதென்றால் ஒலி கிழிவதற்கு முன்னால் குறைக்க வேண்டும். கிழிந்த பிறகு ஸ்பீக்கரிலோ மிக்ஸரிலோ குறைத்தால் பேஸ் அளவு குறையும், பொதபொதப்பு அப்படியே இருக்கும். இதை நம்பாதவர்கள் ஒரு ஈக்யூ பெடலை (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) ஆம்புக்கு முன்னால் வைத்து 100 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கி வாசித்துப் பாருங்கள். ஆம்பைத் திறக்காமலேயே பாதி பதில் கிடைத்துவிடும். சிலருக்கு அதுவே போதும், அவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு மூன்று உண்டு. ஆம்பை அறை மூலையில் தரையில் வைத்திருந்தால் சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிவிடும், ஒரு ஸ்டூலில் ஏற்றிச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். கழுத்துப் பிக்கப்பின் உயரத்தை, முக்கியமாகக் கீழ்க் கம்பிப் பக்கத்தை, கொஞ்சம் இறக்குங்கள். அப்புறம் முதல் டியூப் என்ன என்று பாருங்கள். அந்தச் சுற்றில் அங்கே இருக்க வேண்டியது 12ஏஒய்7. அதைப் பிடுங்கிவிட்டு 12ஏஎக்ஸ்7 போட்டு விற்கிறார்கள், 44 மடங்கு பெருக்கக் காரணி உள்ள டியூபின் இடத்தில் 100 உள்ளது உட்கார்ந்தால் எல்லாமே சீக்கிரம் முட்டும்.

இதெல்லாம் செய்தும் அடங்கவில்லையென்றால் திறக்கலாம். திறப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, இதைப் படித்துவிட்டு யாராவது ஷாக் வாங்கினால் என்னைத் திட்டுவார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உள்ளே 350 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் (மின்சப்ளையைச் சீராக்குபவை) அது தேங்கியிருக்கலாம், ஆளைக் கொல்லக்கூடியது. சில வாட் தாங்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை நன்றாக இன்சுலேட் செய்த கிளிப்பில் மாட்டி, ஃபில்டர் கெப்பாசிட்டரிலிருந்து சேஸிக்கு (ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு) இறக்கி, மீட்டரில் ஓரிரு வோல்ட்டுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இனி நான் மாற்றியது. முதல் டியூபின் பிளேட்டிலிருந்து (சிக்னல் வெளியேறும் முனை) வால்யூமுக்குப் போகும் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட். இதை 0.01 ஆக்கினேன். உடனே ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார் என்று தெரியும்: "வால்யூம் 1 மெகா ஓம், 0.01 போட்டாலும் வெட்டுவது 16 ஹெர்ட்ஸுக்குக் கீழேதானே, என்ன பிரயோஜனம்?" வழக்கமான வால்யூம் இணைப்பில் அவர் சொல்வது சரி. ஆனால் இந்தச் சுற்றில் வால்யூம் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது, சிக்னல் நடுக்காலில் நுழைந்து மேல்காலில் வெளியேறுகிறது. அதனால் திருகைக் குறைக்கக் குறைக்க கெப்பாசிட்டருக்கு எதிரே இருக்கும் தடையும் குறைகிறது. லாக் பாட் (தடை முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏறும் திருகு) என்றால் பாதியில் ஏறத்தாழ 1 லட்சம் ஓம்தான் மிஞ்சும், அப்போது அதே 0.01 வெட்டுவது 160 ஹெர்ட்ஸ் பக்கத்தில். பழைய 0.1 அதே இடத்தில் 16-ல் வெட்டிக்கொண்டிருந்தது. இந்த ஒரு மாற்றத்திலேயே வித்தியாசம் காதில் விழுந்துவிட்டது, ஆனால் வால்யூமை முழுக்க ஏற்றினால் பழைய குணம் திரும்ப எட்டிப் பார்த்தது. முழுக்க ஏற்றினால் தடை திரும்ப 1 மெகா ஓமுக்குப் போய், வெட்டும் இடம் 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது.

அதனால் அடுத்தது இரண்டாம் டியூபின் கேத்தோடு, அதாவது எலக்ட்ரான் கிளம்பும் முனை. அங்கே 1.5 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் 25 மைக்ரோ இருக்கும். இந்தக் கெப்பாசிட்டர் முழு அளவில் இருந்தால் எல்லா அதிர்வெண்ணுக்கும் முழுப் பெருக்கம், எடுத்தேவிட்டால் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைவு. நடுவில் ஒரு சின்ன அளவைப் போட்டால் மேலே முழுப் பெருக்கம், கீழே குறைவு. நமக்கு வேண்டியது அதுதான். 0.68 போட்டேன், பழைய மார்ஷல் சூப்பர் லீட் ஆம்பில் 2.7 கிலோ ஓமோடு இதே 0.68 வரும். ஹம்பக்கரில் பிரமாதம், கார்டு கல் மாதிரி நின்றது. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப் மெலிந்து காதைக் குத்தியது. எனக்கு இரண்டு கிட்டாரும் வேண்டும், எனவே 2.2 மைக்ரோவில் நின்றேன். கணக்கில் 0.68 என்றால் 156 ஹெர்ட்ஸ், 2.2 என்றால் 48. இது ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் மட்டும் வைத்துப் போட்டது, டியூபின் உள் தடையையும் சேர்த்தால் குறைப்பு இன்னும் மேலேயே ஆரம்பிக்கும் என்பது எனக்கும் தெரியும், பின்னூட்டத்தில் பாடம் எடுக்க வேண்டாம்.

முதல் டியூபின் கேத்தோடை நான் தொடவில்லை. இரண்டு சேனலும் சேர்ந்து ஒரே 820 ஓமில் உட்கார்ந்திருக்கின்றன, 12ஏஒய்7-இன் பெருக்கமும் குறைவு. அங்கே கெப்பாசிட்டரைச் சிறிதாக்கிக் கிடைப்பது ஓரிரண்டு டெசிபெல், அதற்காக சால்டரைச் சூடாக்குவது வீண் என்பது என் எண்ணம்.

மூன்றாவது மாற்றம்தான் அந்த மூச்சடைப்பைத் தீர்த்தது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூபுகளான 6வி6-களுக்குள் போகும் இரண்டு 0.1-களை 0.022 ஆக்கினேன். இது பேஸைக் குறைப்பதற்கு அல்ல, 220 கிலோ ஓமோடு 33 ஹெர்ட்ஸில்தான் வெட்டும், கிட்டாரில் அங்கே ஒன்றுமே இல்லை. பலமாக அடிக்கும்போது பவர் டியூபின் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) கரண்ட் இழுக்கிறது, அந்தக் கெப்பாசிட்டர் அதில் சார்ஜ் ஆகி கிரிட்டை எதிர்மறையாகத் தள்ளிவிடுகிறது, அது வடியும் வரை டியூப் வாயடைத்துப் போகிறது. 0.1-உம் 220 கிலோ ஓமும் சேர்ந்தால் வடிய ஆகும் கால அளவு 22 மில்லிசெகண்ட், 0.022-இல் 5-க்கும் கீழே. காகிதத்தில் சின்ன எண்கள்தான், ஆனால் கையில் அடித்தால் கிட்டார் உடனே திரும்பி வருகிறது. முதல் இரண்டு மாற்றங்களால் பேஸே குறைவாக வந்து சேர்வதும் இதற்கு ஒத்தாசை.

கப்ளிங்குக்கு, அதாவது டியூபுக்கு டியூப் சிக்னல் கடத்தும் இடங்களுக்கு, 400 வோல்ட்டாவது தாங்கும் ஃபிலிம் கெப்பாசிட்டர் வேண்டும், 630 கிடைத்தால் இன்னும் நல்லது. கேத்தோடில் ஓரிரு வோல்ட்தான், 25 வோல்ட் தாங்கினாலே தாராளம். ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதும் சத்தமாக வாசித்துக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு "மெலிஞ்சு போச்சு" என்று திரும்ப வராதீர்கள். ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் பேஸ் இறுகும் என்றும் சொல்வார்கள், ஓரளவு உண்மைதான், ஆனால் 5ஒய்3 ரெக்டிஃபையர் டியூபுக்கு (ஏசியை டிசியாக்குவது) அடுத்து இருக்கும் 16 மைக்ரோவை 100-க்கு ஏற்றினால் அந்த டியூப் தாங்காது.

விண்டேஜ் ஆட்கள் இப்போது வருவார்கள். ஐயா, நான் அறுபது எழுபது வருஷப் பழைய அசல் ஆம்பைத் திறந்து வெட்டச் சொல்லவில்லை. அசல் வைத்திருப்பவர்கள் அப்படியே விட்டுவிட்டு ஈக்யூ பெடலோடு வாசியுங்கள். நான் பேசுவது போன வருஷமோ அதற்கு முந்திய வருஷமோ செய்த நகலைப் பற்றி. அதில் புனிதம் ஒன்றும் கிடையாது. எண்ணெயில் ஊறிய காகிதக் கெப்பாசிட்டர் போட்டால்தான் ஆன்மா வரும் என்று சொல்பவர்களுக்கும் ஒரு கும்பிடு, அளவு ஒன்றாக இருந்தால் பேஸ் விஷயத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இதே ஆம்பை ஒரு தடவை ஹம் வருகிறது என்று ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஹம் போனது, வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு டியூபின் பின்னிலும் எத்தனை வோல்ட் என்று நான் அளந்து எழுதி உள் மூடியில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார். கேட்டால் "அழுக்கா இருந்துச்சு, கிளீன் பண்ணேன்" என்கிறார். கழற்றிய பாகங்களும் திரும்ப வரவில்லை, அவை எங்கே என்றதற்குச் சிரித்தார். பணம் கொடுத்தவனுக்கு அவன் பாகத்தைத் திருப்பித் தருவது ஒரு மரியாதை இல்லையா? கார் ரிப்பேருக்கும் இதே கதை, கம்ப்யூட்டருக்கும் இதே கதை. அன்றிலிருந்து ஃபியூஸ் தவிர எதையும் யாரிடமும் கொடுப்பதில்லை, ஃபியூஸையும் நானே போட்டுக்கொள்கிறேன்.

சரி, கடைசியாக ஒன்று. ஹம்பக்கர், சிங்கிள் காயில் இரண்டும் வாசிப்பவராக இருந்து ஒரே அளவில் மனசு நிற்கவில்லையென்றால், இரண்டாம் டியூபின் கேத்தோடில் 0.68-ஐ நிரந்தரமாக வைத்துவிட்டு, அதற்குப் பக்கவாட்டில் பழைய 25-ஐ ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சின் இரு கால்களுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் தட்டும்போது 'டப்' என்று கேட்காது. ஸ்விட்சை முன் பலகையில் துளையிட்டு மாட்டாதீர்கள், பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் ஜாக் இருக்கும் இடத்தில் பொருத்தினால் நாளைக்கு ஜாக்கைத் திரும்பப் போட்டு விற்கவும் வசதி.