'கேம் ஓடலை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது
ஆர்கேட் எமுலேட்டர் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃப்ரண்ட் எண்டில் பாக்-மேனைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நொடி கறுப்புத் திரை, உடனே மெனுவுக்கே திரும்பிவிடுகிறது. பழைய ஆர்கேட் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் 'மேம்' எமுலேட்டரின் பிழைப் பட்டியலில் எழுதினேன். விவரம் போதவில்லை என்று மூடிவிட்டார்கள். இதற்கு மேல் என்ன விவரம் தருவது?

பதில்: முதலில் அது மேமின் பிழைதானா என்று பார்க்க வேண்டும். ஃப்ரண்ட் எண்ட் என்பது பட்டியலைக் காட்டி, எமுலேட்டரை ஒரு கட்டளையோடு கூப்பிட்டுவிடும் புரோகிராம், அவ்வளவுதான். அதை மூடிவிட்டு கமாண்ட் விண்டோவைத் திறந்து, மேம் இருக்கும் ஃபோல்டருக்குப் போய், மேம் என்று அடித்து, பக்கத்தில் கேமின் குறும்பெயரை (மேம் ஒவ்வொரு கேமுக்கும் வைத்திருக்கும் சுருக்கப் பெயர்) அடியுங்கள். அங்கே கேம் ஓடினால் மேம் மீது குற்றமில்லை.

அப்படி ஓடினால், பெரும்பாலும் சிக்கல் 'வொர்க்கிங் டைரக்டரி'யில் இருக்கும். விண்டோஸில் மேம் தன் ஐ.என்.ஐ. (செட்டிங்) ஃபைலையும் ரோம்ஸ் (கேம் போர்டின் சிப்களில் இருந்ததன் நகல்கள்) ஃபோல்டரையும், எந்த ஃபோல்டரில் நின்று கூப்பிடப்பட்டதோ அங்கேதான் தேடும். ஃப்ரண்ட் எண்ட் தன் சொந்த ஃபோல்டரில் இருந்தபடி கூப்பிட்டால், டி டிரைவில் அழகாக அடுக்கி வைத்த ரோம்கள் அதன் கண்ணில் படாது. ஃப்ரண்ட் எண்ட் செட்டிங்கில் வொர்க்கிங் டைரக்டரியை மேம் ஃபோல்டராக மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், ஃப்ரண்ட் எண்ட் அனுப்பும் கட்டளையிலேயே 'ரோம்பாத்' ஆப்ஷனுக்கு டிரைவ் எழுத்து முதல் முழுப் பாதையைக் கொடுங்கள்.

தனியாகவும் ஓடவில்லையா? 'வெரிஃபைரோம்ஸ்' ஆப்ஷனோடு குறும்பெயரைக் கொடுத்து ரோம் செட்டை (ஒரு கேமுக்கான ரோம் ஃபைல்களின் தொகுப்பு) சோதியுங்கள். பாக்-மேன் இதற்கு நல்ல உதாரணம். மேமின் கணக்கில் மூல செட் 'பக்மேன்', பாக்-மேன் அதன் குளோன் (அதே கேமின் வேறு வடிவம்). பிரித்து வைத்த (பொதுவான ஃபைல்கள் மூல செட்டில் மட்டும் இருக்கும்) செட்டாக இருந்தால் பாக்-மேன் ஜிப்போடு பக்மேன் ஜிப்பும் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சில சிப்களின் பெயரைப் போட்டு 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். கேமை ஓட்டிப் பார்த்தால், பக்கத்தில் எந்தெந்த செட்டில் தேடியது என்றும் சொல்லும். 'இன்கரெக்ட் செக்சம்' என்று வந்தால் ஃபைல் இருக்கிறது, உள்ளடக்கம் வேறு. வேறொரு வெர்ஷனுக்கான செட்டைப் போட்டிருப்பீர்கள். இந்த இரண்டையும் பிழை என்று எழுதினால் அன்றே மூடிவிடுவார்கள்.

ரோமும் சரி, தனியாக ஓட்டியும் சொதப்புகிறது என்றால்தான் எழுத விஷயம் இருக்கிறது. குறும்பெயருக்குப் பின் ஹைஃபனோடு 'வி' சேர்த்து ஓட்டுங்கள். வீடியோ டிரைவர், படித்த ஐ.என்.ஐ. ஃபைல்கள் எல்லாம் வரிவரியாக வரும். கடைசியில் > போட்டு ஒரு ஃபைல் பெயரும், அதன் பின் 2>&1 என்றும் அடித்தால், எர்ரர் செய்திகளும் சேர்ந்து அந்த ஃபைலில் விழும். அதை முழுதாக இணையுங்கள். முக்கியமான நாலு வரி என்று நீங்கள் வெட்டி எடுப்பதில் காரணம் இருக்காது. பிறகு, ஐ.என்.ஐ. ஃபைல்களைப் படிக்காமல் ஓட்டும் 'நோரீட்கான்ஃபிக்' ஆப்ஷன் போட்டு (ரோம் இருக்கும் இடத்தை அதே கட்டளையில் கொடுத்து) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிழை மறைந்தால் உங்கள் செட்டிங்தான் காரணம்.

தலைப்பிலும் கவனம் வேண்டும். 'சவுண்ட் சரியில்லை' என்றால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 'இரண்டாம் லெவல் தொடங்கியதும் பின்னணி இசை நின்றுவிடுகிறது, வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது' என்றால் சவுண்ட் சிப்பின் எந்தப் பகுதியைப் பார்ப்பது என்று யோசிக்கவாவது முடியும்.

கேள்வி: மெட்டல் ஸ்லக் 2 ஆடும்போது எதிரிகள் கூடினால் கேம் இழுக்கிறது. கம்ப்யூட்டர் புதுசு. பக் தானே?

பதில்: இல்லை. 1998-ல் நியோ ஜியோ போர்டில் வந்தபோதே அது இழுத்தது. அடுத்த வருடம் வந்த மெட்டல் ஸ்லக் எக்ஸில் அந்த இழுவை வெகுவாகக் குறைந்தது. அசல் போர்டு செய்ததை அப்படியே செய்வதுதான் எமுலேட்டரின் வேலை. பாக்-மேனில் 256-வது லெவலில் வலது பாதித் திரை குப்பையாவதும் இதே ரகம். லெவல் எண்ணை ஒரே பைட்டில் (255-க்கு மேல் கொள்ளாது) வைத்ததன் விளைவு. மேமில் சீட் (கேமை ஏமாற்றி ஆடும்) வசதியை ஆன் செய்தால் ஸ்லைடர் மெனுவில் சி.பி.யு. வேகத்தைக் கூட்டலாம். ஆனால் கூட்டிய பிறகு கண்ணில் படும் கோளாறுகளைத் தயவுசெய்து யாருக்கும் எழுத வேண்டாம்.

கேள்வி: மோர்ட்டல் காம்பேட் வேகமாக ஓடுவது போலத் தெரிகிறது. எப்படி நிரூபிப்பது?

பதில்: எஃப்11 அழுத்தினால் வேகம் சதவீதத்தில் தெரியும். 110-ஐ ஒட்டிக் காட்டினால், கேமின் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு இணைக்கும் 'சின்க்ரிஃப்ரெஷ்' ஆப்ஷன் ஆன் ஆகியிருக்கும். அந்த போர்டின் திரை வேகம் நொடிக்கு ஏறக்குறைய 54.7 ஃப்ரேம். அதை 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு கட்டிப்போட்டால் கேம் பத்து சதவீதம் வேகமாகத்தான் ஓடும். ஆஃப் செய்யுங்கள். அப்புறம் ஸ்க்ரோலிங் லேசாகத் திக்கும், அது 54.7-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம். மாறும் ரிஃப்ரெஷ் ரேட் உள்ள மானிட்டரில் அதுவும் போய்விடும்.

கேள்வி: இருபது நிமிடம் ஆடி ஏழாவது லெவல் போனால்தான் பிழை வருகிறது. டெவலப்பர் அதுவரை ஆடுவாரா?

பதில்: மாட்டார். அதற்குத்தான் 'ரெக்கார்ட்' ஆப்ஷன். நீங்கள் அழுத்திய பட்டன்களை மட்டும் ஒரு ஐ.என்.பி. ஃபைலில் பதியும், வீடியோ அல்ல, அதனால் ஃபைல் சிறியது. ஆனால் தொடங்கும் நிலை ஒரு துளி மாறினாலும் திரும்ப ஓட்டும்போது உங்கள் ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். பதிவதற்கு முன் அந்த கேமின் சி.எஃப்.ஜி. (செட்டிங்), என்.வி.ரேம் (கேம் சேமித்து வைக்கும் நினைவு) ஃபைல்களை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். சீட்டை அணையுங்கள். ஹைஸ்கோர் பிளகினையும் அணையுங்கள். அது பழைய ஸ்கோரை கேமின் மெமரியிலேயே எழுதிவிடும். நடுவில் சேவ் ஸ்டேட் (ஆட்டத்தை அந்த நொடியிலேயே சேமிக்கும் வசதி) தொடவே கூடாது. முடித்ததும், புதிதாக உருவாகியிருக்கும் அந்த இரண்டு ஃபைல்களையும் அழித்துவிட்டு, 'ப்ளேபேக்' போட்டு நீங்களே ஓட்டிப் பாருங்கள். எஃப்10 அழுத்தினால் வேகக் கட்டுப்பாடு நீங்கி சீக்கிரம் முடியும். பிழை அதே இடத்தில் வந்தால் மட்டும் அனுப்புங்கள். எத்தனையாவது நிமிடம் என்பதையும் எந்த மேம் வெர்ஷன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேறு வெர்ஷனில் அந்தப் பதிவு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. திரைப் படத்துக்கு எஃப்12 போதும், 'ஸ்னாப்' ஃபோல்டரில் விழும். மானிட்டரை செல்போனில் எடுத்த படத்தில் பிக்ஸல் பிழை தெரியாது.

கேள்வி: பழைய வெர்ஷனில் நன்றாக ஓடியது, புதியதில் கெட்டுவிட்டது. அப்படியே எழுதினால் போதுமா?

பதில்: எந்த வெர்ஷனில் கெட்டது என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. 0.200 சரி, 0.263 தவறு என்றால் நடுவில் 0.231-ஐப் போடுங்கள். அது சரியாக இருந்தால் மேல் பாதி, இல்லையென்றால் கீழ்ப் பாதி. இப்படிப் பாதி பாதியாகப் போனால் ஆறு சோதனையில் முடிந்துவிடும். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள், பழைய ஐ.என்.ஐ.யைப் புதியதில் போட்டால் சோதனையே வீண். இடையில் ரோம் செட்டும் மாறியிருக்கலாம், எனவே ஒவ்வொன்றிலும் வெரிஃபைரோம்ஸ் ஓட்டுங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ரெட்ரோபை என்ற பழைய கேம் தொகுப்பு, அதில் மேம் 2003 கோர் (கேமை ஓட்டும் எமுலேட்டர் பகுதி). யாருக்கு எழுதுவது?

பதில்: மேம் குழுவுக்கு அல்ல. அந்த கோர் 0.78 வெர்ஷனை அடிப்படையாகக் கொண்டது. நீங்கள் பார்த்த பிழை எப்போதோ சரியாகியிருக்கலாம். கோரைப் பராமரிப்பவர்களுக்கு எழுதுங்கள். ரெட்ரோபையில் கேம் ஓடி முடிந்ததும் டெவ் ஃபோல்டருக்குள் எஸ்.ஹெச்.எம். என்ற இடத்தில் ரன்கமாண்ட் லாக் (கேமைத் தொடங்கியபோது வந்த செய்திகளின் பதிவு) கிடக்கும். அது ரேமில் இருப்பது. ரீபூட் செய்தால் போய்விடும், அதற்கு முன் நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரோம் ஃபைலையும் இணைத்து அனுப்பலாமா?

பதில்: கூடாது, காப்புரிமை உள்ளது. செட்டின் குறும்பெயர் போதும், அவர்களுக்குப் புரியும்.