வியன்னாவில் சங்கீதம் மலிவு, தங்கும் அறைதான் விலை

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 61 வயது. கும்பகோணத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், பென்ஷன் வருகிறது. தங்கைக்கு 57. இருவருக்கும் வியன்னா போய் அந்த ஊர் சங்கீதத்தைக் கேட்க வேண்டும் என்று இருபது வருட ஆசை. இதற்காகவே சேர்ந்து போட்ட ஆர்.டி. அடுத்த ஆகஸ்டில் முதிர்ந்து 4.5 லட்சம் வரும். டிராவல் ஏஜென்ட் ஒருவர் இந்த ஜூலையிலேயே வியன்னா, சால்ஸ்பர்க், பிராக் மூன்றும் சேர்த்து 8 நாள் பேக்கேஜ், ஆளுக்கு 3.1 லட்சம், இரண்டு இசை மாலைகள் உண்டு என்கிறார். ஆர்.டி.யை இப்போதே முடித்துக்கொண்டு, குறைகிற 2 லட்சத்துக்கு 14% வட்டியில் இரண்டு வருட ஈ.எம்.ஐ. போட்டுத் தருகிறேன் என்றும் சொல்கிறார். மருத்துவத்துக்கென்று வைத்திருக்கும் 3 லட்சம் எஃப்.டி.யை உடைக்கலாமா, இல்லை இந்தக் கடனை வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், டீச்சர். ஆனால் வியன்னா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் 4.5 லட்சமே போதும். மாற்ற வேண்டியது மாதத்தைத்தான்.

முதலில் ஜூலை. ஓப்பரா என்றால் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம். வியன்னா அரசு ஓப்பரா அரங்கின் சீசன் செப்டம்பரில் தொடங்கி ஜூனோடு முடிந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே திரை விலகாது. வியன்னா பையன்கள் பாடகர் குழு அரண்மனைத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் பாடுவதும் கோடையில் கிடையாது. அப்படியானால் ஏஜென்ட் சொல்லும் 'இசை மாலை' எது? கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கென்றே நடக்கும் கச்சேரிகள் உண்டு. பவுடர் பூசிய டோப்பா, மொட்சார்ட் காலத்துக் கோட்டு, எல்லோருக்கும் தெரிந்த துணுக்குகளாக ஒன்றரை மணி நேரம். அவை மோசம் என்று சொல்ல வரவில்லை, வாசிப்பவர்கள் படித்தவர்கள்தான். ஆனால் இருபது வருடம் காத்திருந்தது அதற்காக இல்லையே. முதல் தடவை போனபோது நானும் தெருவில் டோப்பா வைத்து நின்ற ஒருவரிடம் கிட்டத்தட்ட 60 யூரோ கொடுத்து டிக்கெட் வாங்கினேன். சின்ன ஹாலில் ஏழு பேர் வாசித்தார்கள். அன்று இரவே, நாலு தெரு தள்ளி இருந்த ஓப்பராவில் அதில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகாத காசுக்கு முழு இசைக்குழுவைக் கேட்டிருக்கலாம் என்று தெரிந்தபோது, ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் பட்ஜெட்டே அதில்தான் நிற்கிறது. 1869-ல் மொட்சார்ட்டின் 'டான் ஜியோவான்னி'யோடு திறந்த அரங்கம் அது. நல்ல இருக்கை 200 யூரோவைத் தாண்டும். அதே அரங்கில், அதே நாளில், நின்று கேட்க நூற்றுக்கணக்கான இடங்கள் வைத்திருக்கிறார்கள். விலை 20 யூரோவுக்குள். நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பார்கள், இப்போது இணையத்திலும் வாங்கலாம். ஏழைகளுக்கு ஒதுக்கிய மூலை என்று நினைத்துவிடாதீர்கள். வருடக்கணக்காக வந்து நிற்கிற ரசிகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், பாடகரை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள்தான். கைப்பிடிக் கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டி இடம் பிடிப்பது அவர்களுடைய பழைய வழக்கம். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரி.

இன்னொன்று. புத்தாண்டு அன்று டிவியில் உலகமே பார்க்கிற வியன்னா ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவின் கச்சேரி உங்கள் மனதில் இருந்தால், அதற்கு டிக்கெட் குலுக்கலில்தான் கிடைக்கும். ஃபில்ஹார்மானிக்கே முந்தைய பிப்ரவரியில் இணையத்தில் பெயர் வாங்கிக் குலுக்குகிறார்கள். முன் வரிசை ஆயிரம் யூரோவுக்கு மேல். ஓட்டலோடு சேர்த்து விற்கிறோம் என்பவர்கள் இன்னும் பல மடங்கு கேட்பார்கள். ஆனால் அந்த ஃபில்ஹார்மானிக் கலைஞர்கள் யார்? ஓப்பரா அரங்கின் இசைக்குழுவில் இருப்பவர்களிலிருந்து சேர்ந்தவர்கள்தான். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து ராத்திரிதோறும் வாசிப்பவர்களும் அவர்களே. 20 யூரோவுக்குள் அந்த வயலின்கள் கிடைக்கும்போது குலுக்கல் எதற்கு?

முழங்கால் எப்படி என்று மட்டும் தங்கையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாக்னர் எழுதிய ஓப்பரா என்றால் இடைவேளையோடு ஐந்து மணி நேரம் போகும், அது வேண்டாம். புச்சினியின் 'லா போஹேம்' மாதிரி இருந்தால் தாங்கலாம். நிற்கவே முடியாது என்றால் மேல்மாடியில் மேடை பாதி மறைகிற இருக்கைகள் மலிவாகக் கிடைக்கும். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றாவது கட்டாயம் உங்கள் பயணத்துக்குள் வர வேண்டும். காலை 9.15-க்கு ஹோஃப்பர்க் அரண்மனைத் தேவாலயத்தில் பூசை. அங்கே பாடுவது 1498-ல் முதலாம் மாக்ஸிமிலியன் அமைத்த அரண்மனை இசை மரபில் வந்த பையன்கள் குழு. உட்கார டிக்கெட் உண்டு, நிற்க இலவசம், இடம் கொஞ்சம்தான். பையன்கள் மேல்மாடத்திலிருந்து பாடுவதால் ஆள் தெரியாது, குரல் மட்டும் இறங்கி வரும். அது முடிந்ததும் சில நிமிட நடையில் அகஸ்டீன் தேவாலயம். 11 மணிக்கு ஹைடனோ மொட்சார்ட்டோ ஷூபர்ட்டோ எழுதிய பூசை இசையை, ஆர்கெஸ்ட்ராவோடு, எதற்காக எழுதினார்களோ அந்த வழிபாட்டிலேயே பாடுவார்கள். டிக்கெட் கிடையாது. காணிக்கைத் தட்டில் ஆளுக்கு 10 யூரோ போடுங்கள், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். கைதட்டிவிடவும் கூடாது, அது பூசை.

ஊரின் சொந்தப் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் டிராமில் ஏறி ஓரத்துக்குப் போக வேண்டும். திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினைத் தாங்களே விற்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஹொய்ரிகர் என்று பெயர். 1870-களில் ஷ்ராமெல் சகோதரர்கள் அங்கே இரண்டு வயலின், கூடுதல் தந்தி போட்ட ஒரு கிட்டார் என்று ஒரு குழுவாக வாசிக்கத் தொடங்கி, பிறகு சின்ன கிளாரினெட்டும் சேர்ந்து, அந்த வகை இசைக்கே அவர்கள் பெயர் வந்துவிட்டது. பாட்டெல்லாம் ஒயின், சாவு, பழைய வியன்னா. கேட்க இனிப்பாக இருக்கும், உள்ளே ஒரு சோகம். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு. மேஜைக்கு வந்து வாசித்தால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதால் சில்லறை வைத்திருங்கள்.

ஜாஸ் பிடிக்குமா தெரியவில்லை. பிடித்தால் 1972-லிருந்து ஒரு நிலவறையில் நடக்கும் ஜாஸ்லாண்ட் கிளப், இல்லை போர்கி அண்ட் பெஸ் கிளப். ரயில் பாலத்து வளைவுகளுக்குள் இருக்கும் கியூர்ட்டெல் பகுதி ராக் கிளப்புகள் உங்கள் மருமகப் பிள்ளைகளுக்கு. 71-ம் எண் டிராமில் போனால் மத்திய இடுகாடு. பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில், நுழைவு இலவசம். 'ராக் மீ அமாடியஸ்' பாடிய ஃபால்கோவும் அங்கேதான். இசைப் பல்கலைக்கழக மாணவர்களின் கச்சேரிகளில் பல இலவசம். மார்கழியில் மதியக் கச்சேரிகளாகத் தேடித் தேடிக் கேட்டவர்களுக்கு இந்த ஊரைப் பழகிக்கொள்ள ஒரு நாள் போதும்.

இப்போது கணக்கு. யூரோவை 110 ரூபாய் என்று கொஞ்சம் தாராளமாகவே வைக்கிறேன். வியன்னா மட்டும், செப்டம்பர் பின்பாதியில், 9 இரவு, இருவருக்கும் சேர்த்து. விமானம் 1.5 லட்சம். அறை ஒரு நாளுக்கு 110 யூரோ வீதம் 1.09 லட்சம். அரங்குகளுக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இந்த ஒரு வரிதான் வீங்கும், மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் பாருங்கள். சாப்பாடு 77,000. ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ, அதோடு சேவைக் கட்டணமும், 30,000 யூரோ வரை மருத்துவச் செலவைத் தாங்கும் காப்பீட்டின் பிரீமியமும் சேர்த்து 30,000 ரூபாய். டிராம், மெட்ரோ 11,000. சங்கீதத்துக்கு 300 யூரோ, அதாவது 33,000. ஆக 4.1 லட்சம். மீதி 40,000 ரூபாய், யூரோவின் விலை ஏறினால் தாங்குவதற்கு. சங்கீதத்துக்குத்தான் போகிறீர்கள், பட்டியலில் சின்ன வரிகளில் அதுவும் ஒன்று என்பதைப் பாருங்கள்.

ஏஜென்டின் கடனுக்கு மாதம் சுமார் 9,600 ரூபாய், இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 30,500-க்குக் கிட்ட. ஒன்பது நாளும் கேட்க நான் ஒதுக்கிய தொகையும் ஏறக்குறைய அதுதான். பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், அதுவரை பணம் முடங்கும். விமானத்தையும் அறையையும் நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்தால் அந்தப் பேச்சே இல்லை.

ஒரே ஒரு சிக்கல். ஆர்.டி. ஆகஸ்டில்தான் முதிர்கிறது, விமான டிக்கெட்டை ஜூனிலேயே எடுத்துவிடுவது நல்லது. அதற்கு எஃப்.டி.யை உடைக்காதீர்கள், அதன் மேல் 1.5 லட்சம் கடன் எடுங்கள். எஃப்.டி. வட்டியை விட ஒரு சதவீதம் போலத்தான் கூடுதலாகப் போடுவார்கள். இரண்டு மாதத்தில் அடைத்தால் வட்டி இரண்டாயிரத்துச் சொச்சம். விசாவுக்கும் அப்போதே விண்ணப்பியுங்கள். மருமகன் யாராவது 'அதுவரை ஷேரில் போடுங்கள்' என்பார், காதில் வாங்காதீர்கள்.

கார்டு விஷயம். பல வங்கி கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை கூடுதலாக எடுக்கும், அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. குறைந்த கட்டணக் கார்டு ஒன்றும், கையில் 300 யூரோ ரொக்கமும் வைத்திருங்கள். கடை இயந்திரம் 'ரூபாயில் கட்டுகிறீர்களா' என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலை உங்கள் தலையில் விழும்.

அப்புறம், ஓப்பராவின் மாத நிகழ்ச்சி நிரல் வந்ததும் அதைப் பார்த்துவிட்டு விமானத் தேதியை முடிவு செய்யுங்கள், தேதியைப் போட்டுவிட்டு நிரலைத் தேடாதீர்கள்.