தேடத் தெரிந்தால்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கூகுளில் எதைத் தேடினாலும் மேலே விளம்பரம், கீழே ஒரே மாதிரி நாலு கட்டுரை. ரோஜாச் செடியின் இலை ஏன் மஞ்சளாகிறது என்று ஒரு வாரமாகத் தேடுகிறேன். எனக்குத்தான் தேடத் தெரியவில்லையா? – ஒரு வாசகி

பதில்: பாதிப் பழி கூகுளுக்கு, பாதி உங்களுக்கு. "இலை ஏன் மஞ்சளாகிறது" என்று எல்லோரும் கேட்பதால் அந்தக் கேள்விக்குக் குறிவைத்தே கட்டுரைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் தண்ணீர் அதிகமானாலும் மஞ்சள், குறைந்தாலும் மஞ்சள் என்று எழுதி ஆளை அனுப்பிவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர் தன் பக்கத்தில் என்ன சொல்லைப் போட்டிருப்பார் என்று யோசித்து அந்தச் சொல்லைக் கொடுங்கள். தெரியாத சொல்லை எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள், சரி, செடிகிட்டப் போய்ப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் மஞ்சளா? புது இலையிலா, அடி இலையிலா? கண்ணில் பட்டதை அப்படியே தட்டினால், வரும் பக்கங்களில் எங்காவது குளோரோசிஸ் என்ற வார்த்தை தட்டுப்படும், இலை மஞ்சளாவதற்கு விஷயம் தெரிந்தவர்கள் வைத்த பெயர். முதல் தேடலில் அது கிடைத்தாலே போதும். அதை வைத்து மறுபடி தேடுங்கள், இந்த முறை வேளாண் பல்கலைக்கழகங்களின் பக்கங்கள் தலைகாட்டும்: இளம் இலையில் வந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை, முதிர்ந்த இலையில் வந்தால் மக்னீசியம் என்று பிரித்தே சொல்லியிருப்பார்கள். நான் எதைத் தேடினாலும் இப்படி இரண்டு நடையாகத்தான் போவது, ஒரே நடையில் முடிந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

கேள்வி: மேற்கோள்குறி, கழித்தல் குறி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், வேலை செய்யவில்லை. – கல்லூரி மாணவர்

பதில்: வேண்டாத சொல்லை ஒதுக்கப் போடும் கழித்தல் குறிக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பீர்கள், பத்தில் ஒன்பது பேர் அங்கேதான் சறுக்குகிறார்கள். ஒட்டி எழுதுங்கள். மேற்கோள்குறிக்குள் இருப்பதை அப்படியே தேடும், அதனால் நீண்ட வாக்கியம் வேண்டாம், ஓர் எழுத்து பிசகினாலும் அந்தப் பக்கம் கிடைக்காது. கம்ப்யூட்டர் காட்டும் எரர் மெசேஜைத் தேட அது அருமையான கருவி, ஆனால் மெசேஜில் உங்கள் பெயரோ ஃபோல்டர் பெயரோ இருந்தால் அதை வெட்டிவிட்டு மீதியை மட்டும் குறிக்குள் போடுங்கள். ஒரே தளத்துக்குள் தேட, ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்க்க வேண்டும். பல தளங்களின் சொந்தத் தேடல் பெட்டியைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது. இதே மாதிரி ஃபைல்டைப் என்று போட்டு பிடிஎஃப் கேட்டால் அறிக்கைகளும் கையேடுகளும் மேலே வரும், கடைக்காரர்கள் ஒதுங்குவார்கள். கூகுள் உங்கள் சொல்லைத் தானாக மாற்றி வேறெதையோ காட்டினால் டூல்ஸ் பகுதியில் வெர்பேட்டிம் என்று இருக்கும், அதை அழுத்துங்கள், நீங்கள் தட்டிய சொல்லையே தேடும். 2024 மே மாதம் வெப் என்றொரு வடிகட்டியும் வந்தது, வீடியோ, பெட்டிச் செய்தி, ஏஐ சுருக்கம் எதுவும் இல்லாமல் வெறும் இணைப்புகளை மட்டும் காட்டும்.

கேள்வி: கூகுளை விட்டு டக்டக்கோவுக்குப் போனால் வேறு முடிவுகள் வருமா?

பதில்: கொஞ்சம் வேறு மாதிரி வரும். ஆனால் டக்டக்கோ வழக்கமான இணைப்புகளைப் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிடமிருந்துதான் வாங்குகிறது, எனவே அதையும் பிங்கையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பெரிய லாபம் இல்லை. அங்கே எனக்குப் பிடித்தது ஆச்சரியக்குறி வசதி: குறியை ஒட்டி ஆங்கில டபிள்யூ எழுதிச் சொல்லைக் கொடுத்தால் நேரே விக்கிப்பீடியாவுக்குப் போய்விடும். உண்மையில் தேட வேண்டிய இடம் மாறினால்தான் முடிவு மாறும். மருத்துவ ஆய்வா, பப்மெட். மற்ற ஆய்வுக் கட்டுரைகளுக்கு கூகுள் ஸ்காலர். நூலகங்களில் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதற்கு வேர்ல்ட்கேட். காணாமல் போன பக்கத்துக்கு இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின், கூகுள் 2024இல் தன் பழைய பிரதி இணைப்பை எடுத்துவிட்ட பிறகு இதை விட்டால் பெரிதாக வழியில்லை. முகவரி தெரிந்தால் அங்கே ஒட்டுங்கள், எந்தத் தேதியில் பக்கம் எப்படி இருந்தது என்று காலண்டரே வரும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வரும் படம் உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: படத்தையே தேடுங்கள். கூகுள் லென்ஸ் படத்தில் இருப்பது என்ன என்று சொல்வதில் கெட்டி. அதே படம் முன்பு எங்கே வந்தது என்பதற்கு டின்ஐ என்ற தளம். பழையது முதலில் என்று வரிசைப்படுத்தினால் போன வெள்ளத்துப் படம் இந்த வெள்ளத்துக்கு வந்திருப்பது தெரிந்துவிடும். (அதில் காட்டும் தேதி அவர்கள் படத்தைக் கண்டெடுத்த நாள், எடுத்த நாளாக எண்ணிவிடாதீர்கள்.) மேலே எழுத்து ஒட்டியிருந்தால் வெட்டிவிட்டுத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, இடம் வலமாகத் திருப்பியும் ஒருமுறை.

கேள்வி: தமிழில் தேடினால் ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: நம் மொழியின் குணமும் ஒரு காரணம் ஐயா. மேற்கோள்குறிக்குள் மரம் என்று போட்டால் மரத்தில், மரத்தை, மரங்கள் எல்லாம் தப்பிப் போகலாம், அதனால் உருபு ஏற்ற வடிவங்களையும் தனித்தனியே தேடுங்கள். கோயில் என்பதைக் கோவில் என்றும், வீடியோவை விடியோ என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டையும் பாருங்கள். இன்னொன்று, எல்லோருக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவும் முன்பு ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவும் குறியாக்கமும் வைத்திருந்த காலத்துப் பக்கங்கள் இன்னும் சில இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு குறிகள், யூனிகோடில் தட்டினால் அகப்படாது. ஸ்கேன் செய்த புத்தகங்களும் பல வெறும் படங்கள்தான். அங்கெல்லாம் உள்ளே இருக்கும் வரியைத் தேடாமல், நூல் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். தட்டச்சு செய்து ஏற்றிய பழந்தமிழ் நூல் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம் தளத்துக்கே நேரே போய்விடலாம், தேடுபொறியைத் தொந்தரவு செய்யவே வேண்டாம்.