கறுப்பு அட்டை, 50 மீட்டர், சிவப்பு அட்டை: கேலிக் கால்பந்தில் நடுவர் தீர்ப்பை எப்படி எதிர்கொள்வது?

கேள்வி: நாங்கள் அயர்லாந்துக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு 19 வயது. எங்கள் ஊர் ஜி.ஏ.ஏ. (கேலிக் விளையாட்டுச் சங்கம்) கிளப்பின் ஜூனியர் அணியில், கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து ஆடுகிறான். போன ஞாயிறு எதிரணிக்காரரின் ஜெர்சியைப் பிடித்து இழுத்தான் என்று கறுப்பு அட்டை காட்டி 10 நிமிடம் வெளியே உட்கார வைத்தார் நடுவர். இரண்டாம் பாதியில் அவர்களில் ஒருவர் என் மகனின் ஜெர்சியை இழுத்தார். அதற்கு வெறும் ஃப்ரீ கிக் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து எங்களுக்கு எதிராக ஒரு ஃப்ரீ கொடுத்தபோது, "எங்களுக்கு மட்டும் ஏன் அட்டை?" என்று எங்கள் பையன் ஒருவன் கேட்டான். உடனே பந்தை 50 மீட்டர் முன்னே கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசி நிமிடத் தள்ளுமுள்ளில் என் மகனுக்கு நேரடி சிவப்பு அட்டை. "நான் தள்ளினேன், அடிக்கவில்லை" என்கிறான். இதற்கெல்லாம் ஓர் அளவுகோல் இருக்கிறதா? எங்கே முறையிடுவது? நான் நடுவரைச் சந்தித்துப் பேசலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவசரம். வேண்டாம். நடுவரை வீட்டிலோ கடையிலோ போனிலோ தேடிப் போகாதீர்கள். நீங்கள் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் அது உங்கள் மகனின் வழக்கைக் கெடுக்கும். முறையிட வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நானும் சில ஆண்டுகளாக வார இறுதிகளில் கிளப் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவன். அதனால் நடுவர் பக்கத்து நியாயம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். உங்கள் கோபமும் புரிகிறது. ஒரே மாதிரி இழுப்பு, இரண்டு தீர்ப்பு என்றால் யாருக்கும் வயிறு எரியும்.

கறுப்பு அட்டையிலிருந்து ஆரம்பிப்போம். எவ்வளவு பலமாக இழுத்தான், அடிபட்டதா என்பதை வைத்து இந்த அட்டை கொடுக்கப்படுவதில்லை. ஆட்டத்தை வேண்டுமென்றே கெடுத்தானா என்பதுதான் அதன் கேள்வி. எதிராளியை வேண்டுமென்றே இழுத்துக் கீழே வீழ்த்துவது, காலாலோ கையாலோ வேண்டுமென்றே தட்டிவிடுவது, பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவனை வழிமறித்து வேண்டுமென்றே மோதி ஆட்டத்திலிருந்து விலக்குவது ஆகிய மூன்றும் இதில் முக்கியமானவை. மூன்றிலும் "வேண்டுமென்றே" என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். ஜெர்சி இழுப்பில் இன்னொன்றும் உண்டு: ஆள் கீழே விழுந்திருக்க வேண்டும். ஒரு நொடி சட்டையைப் பிடித்து விட்டுவிட்டால் அது ஃப்ரீ; அதையே திரும்பத் திரும்பச் செய்தால் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை.

நான் மைதானத்தில் நிற்கும்போது எதைப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் கை. பந்தைத் தட்ட விரிந்த கையா, துணியைப் பிடித்து மூடிய கையா? அப்புறம் அந்த வீரரின் கண். பந்தைப் பார்த்துக்கொண்டே கை நீட்டியவனுக்கும், பந்தைப் பார்க்காமல் இடுப்பைச் சுற்றிக் கட்டியவனுக்கும் வித்தியாசம் தெரியும். கடைசியாகத்தான் விழுந்த விதம். உங்கள் மகன் இழுத்ததில் அந்த வீரர் விழுந்து, உங்கள் மகன் இழுபட்டபோது நின்றுகொண்டே இருந்திருந்தால், இரண்டு தீர்ப்பும் சரியாகவே இருக்கலாம். கோட்டுக்கு வெளியே நிற்கும் நமக்கு இரண்டும் ஒரே ஜெர்சி இழுப்பாகத்தான் தெரியும்.

இந்த அட்டை ஏன் வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் இருக்கும் எரிச்சல் கொஞ்சம் குறையும். 2013 ஆகஸ்டில் டப்ளினில் உள்ள ஜி.ஏ.ஏ.வின் பெரிய மைதானமான குரோக் பார்க்கில் டிரோன் அணிக்கும் மோனகன் அணிக்கும் கால் இறுதி. மோனகனின் கானர் மெக்மானஸ் கோல் வாய்ப்போடு தனியே ஓடிக்கொண்டிருந்தார். டிரோனின் ஷான் கேவனா பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்து வீழ்த்தினார். கிடைத்தது மஞ்சள் அட்டை, அவர் தொடர்ந்து ஆடினார், டிரோன் வென்றது. அன்றைய விதிப்படி அது லாபகரமான தவறு. இப்படிப்பட்ட தவறுகளைத் தடுக்கத்தான் கறுப்பு அட்டைக்கு அந்த ஆண்டு மார்ச்சிலேயே வாக்களித்து முடித்திருந்தார்கள். நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரியில். முதலில் அந்த அட்டை வாங்கியவர் திரும்பி வர முடியாது, மாற்று வீரர் இறங்குவார். 2020 முதல்தான் 10 நிமிடத் தண்டனை, மாற்று ஆளும் கிடையாது. என்னைக் கேட்டால் இதுதான் சரி. பழைய முறையில் தவறு செய்த அணி 15 பேரோடேயே ஆடியது. அதனால் பாதிக்கப்பட்ட அணிக்கு என்ன பயன்?

சரி, 50 மீட்டர். பல ஆண்டுகளாக நடுவரிடம் வாதாடினால் பந்து 13 மீட்டர்தான் முன்னே போகும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2024இல் ஜி.ஏ.ஏ. தலைவர் ஜார்லத் பர்ன்ஸ் ஒரு சீர்திருத்தக் குழுவை அமைத்து, டப்ளின் அணிக்குத் தொடர்ந்து ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்த ஜிம் கேவினை அதற்குத் தலைவராக்கினார். அந்தக் குழு கொண்டுவந்த விதிகள் 2025இல் சோதனையாக ஆடப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் நிரந்தரமாயின. 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி, அதற்குக் கோல் கம்பத்தருகே நிற்கும் அம்பயர் தூக்கும் ஆரஞ்சுக் கொடி, மைதானத்தின் ஒவ்வொரு பாதியிலும் ஒவ்வொரு அணியிலும் மூன்று பேராவது நிற்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லாம் அப்போது வந்தவைதான். ஊர் மைதானங்களில் மனிதர்களின் நடத்தையை மாற்றியது என்னவோ இந்த 50 மீட்டர்தான்.

இந்தத் தண்டனைக்கு வாய் திறக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஃப்ரீ கொடுத்ததும் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு அடி பின்னால் நடந்தாலே போதும். போன பருவத்தில் ஒரு ஆட்டத்தில் இதைப் பார்த்தேன். பின்கள வீரர் ஒருவர், அனுபவசாலி, பழக்கதோஷத்தில் பந்தை எதிராளிக்குக் கொடுக்காமல் புல்லில் தூரமாக உருட்டிவிட்டார். நான் கையை உயர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். நடுக்களத்தில் கிடைத்த ஃப்ரீ, கோல் கம்பங்களுக்கு நேரே வந்துவிட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார், ஒரு சொல் பேசவில்லை. அடுத்த ஃப்ரீக்கு அவர் அணியே ஓடிவந்து பந்தை எதிராளியின் கையில் கொடுத்தது.

புதிய விதிப்படி தீர்ப்பைப் பற்றி நடுவரிடம் கேட்கும் உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். உங்கள் அணிப் பையன் கேட்ட கேள்வி நியாயமாகவே இருக்கலாம். ஆனால் கேட்டவன் தவறான ஆள், கேட்ட நேரமும் தவறு. அவனிடம் இதை யாராவது ஆட்டத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அது பயிற்சியாளரின் வேலை. அந்த ஒரு புள்ளியை உடைமாற்றும் அறையிலேயே காப்பாற்றியிருக்கலாம்.

அளவுகோல் எல்லா நடுவருக்கும் ஒன்றா என்று கேட்டீர்கள். விதி ஒன்று, ஊதுகிறவர்கள் ஒன்றல்ல. இதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தில் 30 பேர் ஓடுகிறார்கள். "வேண்டுமென்றே" என்பதை ஒற்றை ஆள் ஒற்றைக் கோணத்திலிருந்து, மூச்சிரைக்க ஓடிக்கொண்டே முடிவு செய்கிறார். பெரிய ஆட்டங்களில் உதவிக்கு நல்ல லைன்ஸ்மேன்கள் இருப்பார்கள். புள்ளி விழுந்ததா என்று பார்க்க குரோக் பார்க்கில் 2013 முதல் ஹாக் ஐ என்ற கேமராத் தொழில்நுட்பம் இருக்கிறது. உங்கள் மகனின் ஜூனியர் ஆட்டத்தில் (இங்கே ஜூனியர் என்றால் சிறுவர் அல்ல, பெரியவர்களின் கீழ்நிலைப் பிரிவு) லைனில் கொடி பிடிப்பவர் பெரும்பாலும் கிளப்காரர். கோல் பக்கம் வெள்ளைக் கோட்டோடு நிற்கும் நான்கு அம்பயர்கள் நடுவரின் மைத்துனரும் நண்பர்களும்தான். யாருக்கும் இது தொழில் இல்லை. திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள்.

நடுவர் தவறே செய்தாலும் முடிவு மாறுமா? இதற்கு 2010 லெய்ன்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1957க்குப் பிறகு அந்தக் கோப்பையையே பார்க்காத லவுத் அணி, கூடுதல் நிமிடங்களில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. மீத் அணியின் ஜோ ஷெரிடன் பந்தைக் கையாலேயே கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனார். அது விதிப்படி கோல் அல்ல. நடுவர் கோல் என்றார். மீத் வென்றது. ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து நடுவரைத் துரத்தித் தாக்கினார்கள். தவறு நடந்ததை நடுவர் பிறகு ஒப்புக்கொண்டார். ஆனாலும் மறு ஆட்டம் இல்லை. லவுத் அடுத்த கோப்பையைத் தொட 2025 மே வரை காத்திருந்தது, அதுவும் அதே மீத் அணியைத் தோற்கடித்து. ஆகவே உங்கள் ஒரு புள்ளித் தோல்வியை மறந்துவிடுங்கள். களத்தில் நடுவர் கண்டு சொன்ன தீர்ப்புக்காக ஆட்ட முடிவை மாற்ற மாட்டார்கள்.

சிவப்பு அட்டை வேறு கதை. அதில்தான் நீங்கள் வேலை செய்ய வேண்டும்.

அடித்ததற்கான நேரடி சிவப்பு அட்டைக்குக் குறைந்தது ஒரு ஆட்டம் தடை. கையால், முழங்கையால் அடிப்பது மட்டும் அல்ல, அடிக்க முயல்வதும் அதே குற்றம்தான். ஆகவே மகனிடம் நிதானமாகக் கேளுங்கள்: கை வீசினாயா, பட்டதோ படாததோ? "வீசினேன், படவில்லை" என்றால் வழக்கில் உயிர் இல்லை. உண்மையிலேயே திறந்த கையால் மார்பில் தள்ளியது மட்டும்தான் என்றால் மேலே போகலாம்.

நடுவர் தன் அறிக்கையை எழுதி அனுப்புவார். கவுண்டியின் (மாவட்டத்தின்) போட்டிக் கட்டுப்பாட்டுக் குழு அதைப் பார்த்து, இன்ன தண்டனை தர உத்தேசிக்கிறோம் என்று உங்கள் கிளப் செயலாளருக்குக் கடிதம் அனுப்பும். உங்களுக்கு அல்ல, செயலாளருக்கு. ஏற்றுக்கொள்ளலாம், அல்லது விசாரணை கேட்கலாம். பதில் தருவதற்கான கெடு மிகக் குறைவு. அதைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது. அதனால் இன்றே செயலாளரிடம் பேசிவையுங்கள். தடை எந்த ஆட்டத்துக்குப் பொருந்தும் என்பதையும் அவரிடமே எழுத்தில் வாங்குங்கள். தடையில் இருக்கும் வீரரைத் தெரியாமல் இறக்கினால் அந்த ஆட்டத்தையே கிளப் இழக்க நேரலாம்.

விசாரணையில் நடுவர் அறிக்கை உண்மை என்றே எடுத்துக்கொள்ளப்படும். அதை மறுக்க வெட்டாத வீடியோவோ, அதற்கு நிகரான வலுவான சாட்சியமோ வேண்டும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். போனில் எடுத்த வீடியோவில் தங்களுக்குச் சாதகமான எட்டு நொடியை மட்டும் வெட்டி, மெதுவாக்கி, வட்டம் போட்டுக் கொண்டுவருவார்கள். அது செல்லாது. தள்ளுமுள்ளு ஆரம்பித்ததிலிருந்து விசில் வரை அப்படியே இருக்க வேண்டும், உங்கள் மகன் அசிங்கமாகத் தெரிகிற நொடிகளோடு சேர்த்து.

அதற்கு மேலே மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அங்கே "நடந்தது இதுதான்" என்று மறுபடி வாதாட முடியாது, விதி தவறாகப் பயன்படுத்தப்பட்டதா, விசாரணை நியாயமாக நடந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கும் மேலே டி.ஆர்.ஏ. என்ற சுதந்திரமான நடுவர் மன்றம். 2015இல் டப்ளினின் டியர்மட் கானலி, மேயோவுடன் சமனில் முடிந்த அரையிறுதியில் வாங்கிய சிவப்பு அட்டைக்கு எதிராக அங்கே வரை போனார். மறு ஆட்டம் நடக்க வேண்டிய அன்றைய விடியலுக்கு முன்பு, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் தடை நீங்கியது. விசாரணை முறையாக நடக்கவில்லை என்பதே காரணம். இரண்டு ஆண்டு கழித்து இதே வீரர் கார்லோவுக்கு எதிரான ஆட்டத்தில் லைன்ஸ்மேன் மேல் கை வைத்தார். 12 வாரத் தடை. ஒரு ஜூனியர் ஆட்டத் தடைக்காக டி.ஆர்.ஏ. வரை போவது பணத்துக்கும் நேரத்துக்கும் கட்டுபடியாகாது. விசாரணைக் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

இன்னொன்று. விசாரணையில் உங்கள் மகனே பேசட்டும். அவனுக்கு 19 வயது. "தள்ளினேன், அது தவறு, அடிக்கவில்லை" என்று அவன் வாயால் மூன்று வாக்கியம் சொல்வது, அப்பா பத்து நிமிடம் பேசுவதைவிட எடுபடும். அந்த நடுவரும் அறையில் இருக்கலாம். இருந்தால், போய்க் கை கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதமே அவர் உங்கள் கிளப் ஆட்டத்துக்கு வரக்கூடும்.

அன்று யார் யார் போனில் படம் எடுத்தார்கள் என்று இன்றிரவே அணியின் வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். ஒரு வாரம் போனால் பாதிப் பேர் அழித்திருப்பார்கள்.