பக்கத்து கேலக்ஸியில் பிரகாசம் மாறும் விண்மீன்களை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? வீட்டிலிருந்தே நாமும் செய்து பார்க்க முடியுமா?

முடியும். நான் செய்து பார்த்தேன், முதல் தடவை தப்பாக. அதையும் சொல்கிறேன்.

முதல் வேலை, மாறுகிற விண்மீனைப் பிடிப்பது. ஹார்வர்டு வான்நோக்ககத்தில் ஹென்ரியெட்டா லீவிட் என்ற வானியலாளர் இதைக் கண்ணாடித் தகடுகளை வைத்தே செய்தார். படங்கள் பெரு நாட்டு அரெகிப்பாவில் எடுக்கப்பட்டவை. நெகட்டிவ் தகட்டில் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகள். ஒரு இரவின் தகட்டுக்கு பாசிட்டிவ் பிரதி எடுத்தால் அவை வெள்ளை. அந்தப் பிரதியை இன்னொரு இரவின் நெகட்டிவோடு சேர்த்து வைத்தால் கறுப்பு வெள்ளையை அடைத்துவிடும். பிரகாசம் மாறிய விண்மீன் மட்டும் அளவு சேராத மூடி போல விளிம்பு காட்டி நிற்கும். மெகல்லன் மேகங்கள் என்று பெயர், ஆனால் அவை நம் பக்கத்து கேலக்ஸிகள் இரண்டு. இப்படித்தான் 1908இல் சிறிய மேகத்தில் 969, பெரிய மேகத்தில் 808 என்று 1,777 மாறும் விண்மீன்களை வெளியிட்டார். இன்றைக்குக் கணினி ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கிறது. யோசனை அதேதான்.

1912இல் சிறிய மேகத்து 25 விண்மீன்களை மட்டும் எடுத்துக் காட்டினார். மங்கிப் பிரகாசிக்கும் ஒரு சுற்றுக்கு ஒன்றுக்கு 1.25 நாள், இன்னொன்றுக்கு 127 நாள். சுற்று நீளமாக ஆக விண்மீனும் பிரகாசம். நம் கேலக்ஸிக்குள் இது எளிதில் தெரிந்திருக்காது. பக்கத்தில் இருப்பதால் பளிச்சென்று இருக்கிறதா, உண்மையிலேயே பளிச்சா என்று குழப்பம் வரும். மேகத்தில் இருப்பவையோ ஏறக்குறைய ஒரே தூரம், மலை மேலிருந்து தூரத்து ஊரின் விளக்குகளைப் பார்ப்பது மாதிரி.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஓகிள் என்ற போலந்துக் குழு 1992 முதல் நம் கேலக்ஸியின் மையப் பகுதியையும், 1997 முதல் இந்த மேகங்களையும் அளந்து வருகிறது. சிலியின் லாஸ் கம்பானாஸ் மலையில் அவர்களுக்கு 1.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அளவுகளை இலவசமாகவே தருகிறார்கள். பெரிய மேகத்து செபீட் ஒன்றின், அதாவது லீவிட் காட்டியவை போல சீரான சுற்றில் மாறும் விண்மீன் ஒன்றின், தரவுக் கோப்பைப் பதிவிறக்கினேன். மூன்றே நெடுவரிசை: தேதி, பிரகாசம், பிழை அளவு. பிரகாசம் 15க்குப் பக்கத்தில் ஏறி இறங்குகிறது. வானியல் அளவுகோலில் எண் குறைந்தால் பிரகாசம் கூடுதல் என்பதை மறந்து முதல் வரைபடத்தைத் தலைகீழாகப் போட்டது தனிக் கதை.

சுற்றுக் காலம் தேட, எல்லையை 0.2 முதல் 3 நாள் வரை என்று நானாக வைத்தேன். 1.33 நாள் என்று விடை வந்தது. அந்தக் கணக்கில் எல்லா அளவுகளையும் மடித்துப் போட்டால், அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், அலையும் வந்தது. கோடு கொஞ்சம் பருமன், ஆனால் அலைதான். சந்தோஷமாகத் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில்தான் உறைத்தது. செபீட் சட்டென்று ஏறும், மெதுவாக இறங்கும். என்னுடையது மெதுவாக ஏறி சட்டென்று விழுந்தது! காலம் பின்னோக்கி ஓடியிருக்கிறது. நிஜச் சுற்று 4 நாள். தினம் ஒரு தடவை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்த்தால் நாளுக்குக் கால் சுற்று முன்னே போவதும் முக்கால் சுற்று பின்னே போவதும் ஒன்றுபோலத்தான் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுமே, அதே விவகாரம். நாலு நாளை நான் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டதால், தேடல் அந்தப் போலியைப் பிடித்துக்கொண்டது. எல்லையை 50 நாளாக்கியதும் புள்ளிகள் ஒரே மெல்லிய கோட்டில் வந்து உட்கார்ந்தன.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் 10 நாளுக்கு மேல் சுற்றுள்ள செபீட் ஒன்றை எடுங்கள். ஆர்ஆர் லைரா என்ற இன்னொரு வகை மாறும் விண்மீன் இப்போதைக்கு வேண்டாம். அவற்றின் சுற்றே அரை நாள் சுமார், இதே தொல்லை இன்னும் மோசமாக வரும். அப்புறம், பிரகாச அச்சைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்.