டேட்டிக்ஸ் பதிவைக் கண்டு பயப்பட வேண்டாம்

அன்பின் தங்கைக்கு,

இலங்கை மலையகத்து நோர்வூட்டிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த மூன்றாம் கிழமையே, இன்சுலின் கொடுக்கப் பிந்தியதை உடன் வேலைசெய்யும் தாதி டேட்டிக்ஸில், அதாவது தவறுகளிலிருந்து பாடம் கற்க அவற்றைப் பதியும் வைத்தியசாலைக் கணினி முறையில், பதிந்துவிட்டார், இனி வேலை போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. ஹட்டனிலிருந்து வந்த புதிதில் எனக்கும் இதே பயம் இருந்தது.

மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் நான் வேலைசெய்தபோது, அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு லெட்சுமிகள் இருந்தார்கள். இருவரும் கொழுந்து பறிப்பவர்கள், ஒருவருக்கு நீரிழிவு, மற்றவருக்குக் காய்ச்சல். இன்சுலின் ஊசியோடு போய் "லெட்சுமியா?" என்றேன், காய்ச்சல்கார அம்மா தலையாட்டிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார். பேச்சுக்கு "எந்தத் தோட்டம் அம்மா?" என்று கேட்டேன். அவர் சொன்ன தோட்டம் என் கையிலிருந்த டிக்கட்டில், அதாவது நோயாளியின் விபரச் சீட்டில், இல்லை. ஏச்சு விழுமென்று அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கிழமையும் ஒரே பெயர்க்காரர் இருவரைப் பக்கத்துப் பக்கத்தில்தான் போட்டார்கள். என் மௌனத்தை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இங்கே "நீங்கள் இன்னாரா?" என்று கேட்காமல், பெயரையும் பிறந்த திகதியையும் நோயாளியையே சொல்லவைப்பது அதனால்தான். இன்சுலின் அளவில் 'யூனிட்' என்பதை முழுச் சொல்லாக எழுதச் சொல்வதும் அப்படியே. சுருக்கமான 'யூ' எழுத்தைச் சுழியமாக வாசித்துப் பத்தை நூறாக்கிய தவறுகளிலிருந்து வந்த விதி அது. யாரோ ஒரு தாதி கண்டதைச் சொன்னதால்தான் இத்தகைய விதிகள் பிறக்கின்றன. அளவீடுகள் சரியாக இருந்தும் நோயாளியின் முகம் சரியில்லை என்று உங்களுக்குப் பட்டால், அதையும் சொல்லுங்கள். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்ற அளவீடுகளுக்குப் புள்ளி போட்டு நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டும், 2017இல் வந்த நியூஸ் 2 மதிப்பெண் முறையே, புள்ளி குறைவென்பதற்காகத் தாதியின் கவலையைத் தள்ளக்கூடாது என்கிறது.

"உன்மேல் டேட்டிக்ஸ் போடுவேன்" என்று மிரட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது அந்த முறையைக் கெடுக்கும் வேலை. வாட் மனேஜரிடம் சொல்லுங்கள், அவர் கேளாவிட்டால் ஒவ்வோர் என்எச்எஸ் டிரஸ்டிலும் (அரச வைத்தியசாலைகளை நடத்தும் அமைப்பிலும்) இதற்கென்றே இருக்கும் 'ஃபிரீடம் டு ஸ்பீக் அப்' (பயமின்றிப் பேசும் சுதந்திரம்) பொறுப்பாளரிடம் போகலாம்.

உங்கள் பக்கத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்: அன்று எத்தனை நோயாளரைப் பார்த்தீர்கள், மருந்து கொடுக்கும்போது எத்தனை முறை கூப்பிட்டார்கள், சாப்பாடு எப்போது வந்தது, ஊசி எப்போது போட்டீர்கள். உங்களுக்கென வைத்துக்கொள்ளும் குறிப்பில் மட்டும் நோயாளியின் பெயரையோ கட்டில் எண்ணையோ எழுத வேண்டாம்.