தார் திடப்பொருளா, திரவமா?

திரவம்தான். சுத்தியலால் ஓங்கி அடித்தால் சில்லுச் சில்லாக உடைகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். உடையட்டும். அதே கட்டியைத் தட்டில் வைத்து ஒரு மாதம் கழித்துப் பாருங்கள், தட்டோடு படிந்திருக்கும். நீங்கள் மாணவர் என்று நினைக்கிறேன். "திடப்பொருளுக்கு நிலையான வடிவம் உண்டு" என்று படித்திருப்பீர்கள். எவ்வளவு நாள் பார்த்துவிட்டு அதைச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

1998இல் விருதுநகர் பக்கம் ஒரு சாலை வேலையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழியில் வந்த தார் டிரம் ஒன்றில் தகரம் விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருந்ததைக் கோடாரியால் வெட்டித்தான் எடுக்க முடியும், அவ்வளவு கெட்டி. எங்கே ஓடப்போகிறது என்று கொட்டகைக்குப் பின்னால் படுக்கப் போட்டுவிட்டோம். வேலை நடுவில் நின்று, சித்திரைக் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. டிரம்மைப் புரட்டினால் பாதி காலி.

"கல்லு மாதிரி கிடந்த தாரு காலு முளைச்சுப் போயிடுச்சா?" என்று சூப்பர்வைசர் பத்துப் பேர் முன்னால் கேட்டார். நான் விற்றுவிட்டேனாம். மண்வெட்டியால் கொத்திக் காட்டினேன். புழுதிக்கு அடியில் சரிவோடு ஏழெட்டு அடி போய், பழைய சுண்ணாம்புக் குழியில் தேங்கிக் கிடந்தது. பார்த்தார், பேசாமல் போய்விட்டார்.

பிறகுதான் காரணம் புரிந்தது. பனிக்கட்டிக்குள் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். அந்த அடுக்கு 0 டிகிரியில் குலைகிறது, உடனே தண்ணீர். தாரில் அப்படி அடுக்கே இல்லை, அதனால் உருகுநிலையும் இல்லை. சூடு ஏற ஏற இளகும், அவ்வளவுதான். லேபில் ஒரு வளையத்தில் தாரை ஊற்றி, மேலே 3.5 கிராம் எஃகுக் குண்டை வைத்து, நிமிடத்துக்கு 5 டிகிரி சூடேற்றுவார்கள். குண்டு 25 மில்லிமீட்டர் கீழே இறங்கும்போது உள்ள சூடுதான் அந்தத் தார் இளகும் சூடு என்று கணக்கு. இப்போது நம் சாலைகளுக்கு வரும் விஜி-30 ரகத்துக்கு அது 47 டிகிரிக்குக் குறையக் கூடாது. சித்திரை வெயிலில் கிடக்கும் தகர டிரம் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாரின் இனமான பிச் என்ற பொருளை 1927இல் ஒரு புனலில் ஊற்றி, 1930இல் அடியைத் திறந்துவிட்டார்கள். 2014 வரை விழுந்தது ஒன்பதே சொட்டு. அதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கச்சா எண்ணெயிலிருந்து வரும் பிட்டுமென் வேறு, நிலக்கரித் தார் வேறு என்று திருத்த வருவீர்கள். தெரியும், சைட்டில் எல்லாமே தார்தான். சட்டென்று அடித்தால் திடம் போலவும் மெல்ல அழுத்தினால் திரவம் போலவும் நடப்பதற்குத் தனிப் பெயர் உண்டு என்பதும் தெரியும். ஆனால் பழைய ஜன்னல் கண்ணாடி அடியில் தடித்திருப்பதை இதோடு சேர்க்காதீர்கள். அது ஓடியதால் வந்ததல்ல, அந்தக் காலத்தில் கண்ணாடி செய்த முறையால் வந்த தடிப்பு.

அந்த மாதச் சம்பளத்தில் பிடித்த 600 ரூபாய் திரும்ப வரவில்லை. வேலை உத்தரவு என்று ஒரு தாள் கையில் இருந்திருந்தால் போய்க் கேட்டிருப்பேன். நான் பார்த்தவரை சைட் ஸ்டோரில் நிற்கும் பையன்களுக்கு இன்றைக்கும் அந்தத் தாளைக் கொடுப்பதில்லை.